உள்ளே வைத்த கண்ணாடி

1998இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று பகுதிகளாக ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் பெயர் ‘மதுரை இன்ட்ராஆக்குலர் லென்ஸ் ஸ்டடி’. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த 3,400 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குப் புரையை எடுத்துவிட்டு, கண்ணுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார்கள். மறுபாதிப் பேருக்குப் புரையை எடுத்துவிட்டு, வெளியே மாட்டிக்கொள்ள ஒரு தடித்த கண்ணாடியைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து எல்லோரையும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்வையை அளந்தார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் இந்த மாதிரிச் சோதனைக்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். பட்டன் பச்சையா இருந்தா அதிகம் பேர் அழுத்துறாங்களா, நீலமா இருந்தா அழுத்துறாங்களா என்பதுதான் பெரும்பாலும் எங்கள் கேள்வி. அந்தப் பழக்கத்தில் நேராக முடிவு அட்டவணைக்குப் போனேன். சரியான கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது 6/12 அளவுக்கோ அதைவிட நன்றாகவோ பார்வை உள்ளவர்கள் இரண்டு குழுவிலும் 90 சதவீதத்துக்கு மேல். லென்ஸ் குழு சற்று முன்னால் இருந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை மட்டும் ஒரு நிதி அதிகாரியிடம் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று யோசிக்கவே வேண்டாம். கண்ணாடியே போதும், லென்ஸுக்கு எதற்குச் செலவு என்பார்.

அப்படித்தான் பல வருடங்கள் சொன்னார்கள். ஆய்வைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அதன் காலம். 1990களில் லண்டனிலோ நியூயார்க்கிலோ புரை எடுத்த ஒருவரை லென்ஸ் வைக்காமல் வீட்டுக்கு அனுப்புவது என்பது கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தது. அங்கே முடிந்துபோன ஒரு விவாதத்தை மதுரையில் 3,400 கண்களை வைத்து ஏன் மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது?

*

அந்தத் தடித்த கண்ணாடி என்னவென்று இப்போது இருபது வயதில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. நம் கண்ணுக்குள் இயற்கையாக ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது கலங்கி வெளுப்பதுதான் புரை. பழைய அறுவை முறையில் அந்த லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். கலங்கல் போய்விடும், கூடவே ஒளியைக் குவிக்கிற சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். அதை ஈடுகட்டத்தான் +10 டயாப்டர் கண்ணாடி. சினிமாவில் சோடாபுட்டி என்று கிண்டல் செய்த கண்ணாடிகளின் பெரியம்மா அது. முகாம்களில் ஆளுக்கு ஆள் அளந்து தருவதில்லை. எல்லோருக்கும் ஒரே +10, பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தக் கண்ணாடி வழியாகத் தெரியும் உலகம் கால்வாசிக்கும் மேல் பெரிதாகிவிடும். டம்ளரை எடுக்கப் போனால் கை முன்னாலேயே நின்றுவிடும். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு குருட்டுப் பகுதி உண்டு. பக்கவாட்டில் வருகிற ஆள் அந்த வளையத்துக்குள் மறைந்து, திடீரென்று எதிரில் முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம். ஒரு கண்ணில் பெரிய உலகம், இன்னொன்றில் சின்ன உலகம், மூளையால் இரண்டையும் ஒட்ட முடியாது.

பென்னாகரத்தில் எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, நான் பிறப்பதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் வலது கண்ணை அறுத்திருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது. காதுக்குப் பின்னால் கருப்பு நூலால் கட்டியிருப்பார். ஒகேனக்கல் ரோட்டைக் கடக்கும்போது தலையை முழுசாக இந்தப் பக்கம் திருப்பி, பிறகு முழுசாக அந்தப் பக்கம் திருப்பி, கோழி பார்ப்பது போலப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். அந்த வளையத்தைப் பற்றி எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருநாள் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கக் குனிந்தபோது கண்ணாடி பாறையில் விழுந்து உடைந்தது. பென்னாகரத்துக் கடையில் அந்தப் பவர் கிடைக்கவில்லை. தருமபுரிக்கு பஸ் ஏற வேண்டும், கூட ஒரு ஆள் போக வேண்டும், ஒருநாள் கூலி போகும், கண்ணாடிக்கும் காசு வேண்டும். கேழ்வரகு அறுப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு ஏதோ ஒரு சாவு, ஏதோ ஒரு கல்யாணம். நாலைந்து மாதம் ஆயா சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார்.

அந்த மாதங்களில் அவரை யாராவது கணக்கெடுத்திருந்தால் பார்வையற்றவர் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். அப்போதைய உலக அளவுகோலின்படி, சிறந்த கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியாதவர்தான் பார்வையற்றவர். ஆயாவுக்குத்தான் கண்ணாடி போட்டால் தெரியுமே! உடைந்த கண்ணாடியைப் பற்றி அந்த வரையறையில் ஒரு வார்த்தை இல்லை.

*

வெற்றியை எப்போது, யார் அளக்கிறார்கள் என்கிற சிக்கல் புரை அறுவைக்குப் புதிதல்ல. இந்தியாவில் நூற்றாண்டுகளாக நடந்த முறை, லென்ஸை எடுக்காமல் ஊசியால் குத்தி அதைக் கண்ணின் அடிப்பகுதிக்குத் தள்ளிவிடுவது. சுசுருத சம்ஹிதையிலேயே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய் இதைச் செய்கிறவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். 1819இல் தொடங்கப்பட்டு, பின்பு எழும்பூரில் நிலைகொண்ட சென்னை அரசு கண் மருத்துவமனைக்கு 1904 முதல் சில ஆண்டுகள் தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட் இவர்கள் வேலையின் விளைவுகளை வருடக்கணக்கில் கவனித்தார். கண் அழுத்த நோய்க்கு அவர் சென்னையில் செய்து காட்டிய, சிறு வட்டமாகத் துளைபோடும் கருவிக்கும் அறுவைக்கும் உலகம் முழுக்க அவர் பெயரே நின்றது. அது தனிக்கதை.

ஊசி போடுகிறவர் லென்ஸைத் தள்ளியதும், நோயாளியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார். நோயாளி சரியாகச் சொல்லிவிடுவார். சுற்றி நிற்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். காசு கைமாறும். கட்டுப் போட்டு, இத்தனை நாள் அவிழ்க்காதே என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண் அழன்று, அழுத்தம் ஏறி, மொத்தமாகப் போவதெல்லாம் அதற்குப் பிறகு. எழும்பூருக்கு வந்து சேர்ந்தவை அந்தக் கண்கள்தான். 1917இல் லண்டனில் எலியட் ஆற்றிய ஹன்டேரியன் சொற்பொழிவுகள் இதைப் பற்றியவை. வெள்ளைக்கார டாக்டருக்கே உரிய மேட்டிமைத் தொனி அவற்றில் உண்டு. ஆனால் அவர் பார்த்த விஷயம் உண்மை: அன்றைக்கு அளந்தால் அது வெற்றி, ஆறு மாதம் கழித்து அளந்தால் தோல்வி.

முகாமில் +10 கண்ணாடி கொடுத்தவர்களை அந்த ஊசிக்காரர்களோடு ஒப்பிடுவது அநியாயம். அவர்கள் நிஜமாகவே லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சுகளை ஒன்றாகப் போட்டு, கையில் உள்ள சாதாரணக் கருவிகளைக் கொண்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அறுத்தார்கள். லென்ஸ் வைக்க வேண்டும் என்றால் பழைய முறை உதவாது. உறையின் பின்பாதியைக் கண்ணிலேயே விட்டு, உள்ளே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும், கை பழகிய டாக்டர் வேண்டும். விட்டுவந்த உறை சில வருடங்களில் மங்கினால் அதைத் திறக்க லேசர் வேண்டும். இதையெல்லாம் சுட்டிக்காட்டி, ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்று சொன்னவர்களிடம் உருப்படியான வாதங்கள் இருந்தன. ஆனாலும் அந்த வாதம் எப்போதும் ஒரே இடத்தில் போய் நின்றது. புரை எடுத்தபின் நல்ல கண்ணாடி போட்டால் இவர்களுக்கும் பலகையில் எழுத்து தெரிகிறது, பிறகு என்ன?

*

லென்ஸ் ஆடம்பரம் என்று லண்டனிலேயே ஒரு காலத்தில் சொன்னவர்கள் உண்டு. 1940 ஆகஸ்டில் ஜெர்மானிய விமானங்களோடு நடந்த சண்டையில் கோர்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் மூடி சிதறியது. அதன் சில்லுகள் அவர் கண்களுக்குள் போயின. பிறகு அவருக்குப் பல அறுவைகள் நடந்தன. அவருக்கும் அவரைப் போன்ற விமானிகளுக்கும் மருத்துவம் பார்த்த ஹரோல்டு ரிட்லி ஒன்றைக் கவனித்தார். சாதாரணமாக ஒரு தூசி போனாலே சிவந்து சீழ் வைக்கிற கண், இந்தச் சில்லுகளை வருடக்கணக்கில் சும்மா வைத்துக்கொண்டிருந்தது. பிறகொரு நாள் புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்காமல் விடுகிறீர்களே என்று கேட்டது அவரை உசுப்பியதாகச் சொல்வார்கள்.

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் லென்ஸை வைத்தார். அதே பெர்ஸ்பெக்ஸ் வகையிலேயே சுத்தமாகத் தயாரித்தது. ரகசியமாகத்தான் செய்தார். 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் நோயாளிகளையே அழைத்துவந்து காட்டியபோது, அன்றைய பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெரிய தலையான ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் அவர்களைப் பரிசோதிக்கவே மறுத்துவிட்டார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், உள்ளே வைப்பது அல்ல என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ரிட்லியின் லென்ஸ்களில் நிஜமான பிரச்சினைகளும் இருந்தன. கனமானவை, சில நழுவிக் கீழே போயின, சில கண்கள் அழன்றன. அமெரிக்க அரசின் அனுமதி கிடைக்க 1981 ஆனது. ரிட்லி கடைசிக் காலத்தில் தன் இரண்டு கண்ணிலும் தான் கண்டுபிடித்த லென்ஸையே வைத்துக்கொண்டார். 2000இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள், அடுத்த வருடம் இறந்துபோனார்.

அவருடைய முதல் நோயாளிக்கு ஆனது எனக்குப் பிடித்த பகுதி. அந்தப் பெண்மணிக்கு அறுவை நன்றாக முடிந்தது, ஆனால் லென்ஸின் பவர் பயங்கரமாகத் தப்பிப்போய், கடுமையான கிட்டப்பார்வையில் முடிந்தது. இயற்கை லென்ஸின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்திருந்தார் ரிட்லி. பெர்ஸ்பெக்ஸ் இயற்கை லென்ஸைவிட ஒளியை அதிகம் வளைக்கும். யாருக்கு எவ்வளவு பவர் என்று கணக்கிட அப்போது வழியே இல்லை.

வழி வர முப்பது வருடம் ஆனது. 1980ஐ ஒட்டி சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சூத்திரம் தந்தார்கள்: பவர் = ஏ − 2.5 × நீளம் − 0.9 × வளைவு. நீளம் என்பது கண்ணின் முன்பின் நீளம், மில்லிமீட்டரில். ஒலி அலையை அனுப்பி எதிரொலியை வைத்து அளப்பார்கள். வளைவு என்பது கருவிழி ஒளியை வளைக்கும் சக்தி. ஏ என்பது லென்ஸின் தயாரிப்பைப் பொறுத்த எண், 118ஐ ஒட்டி இருக்கும். நீளம் 23.5, வளைவு 44 என்றால் பவர் 19.65. இவ்வளவுதான். மெஷின் லேர்னிங் வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தரும் லீனியர் ரிக்ரஷன், இரண்டே இரண்டு உள்ளீடு. ஏற்கனவே அறுவை முடிந்த கண்களின் அளவுகளைப் போட்டு, எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்த்து எடுத்த சூத்திரம். இன்று இதைவிட நுட்பமானவை வந்துவிட்டன. ஆனால் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பவர் இரண்டரை தப்பும் என்பதை இதைப் போல நேராகச் சொல்வது வேறெதுவும் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எல்லோருக்கும் ஒரே +10 என்பது ஒரு முறை. ஒவ்வொருவரின் கண்ணையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அவருக்கென்று ஒரு எண் போட்டு, அலமாரியில் அந்த எண் உள்ள டப்பாவைத் தேடி எடுப்பது இன்னொரு முறை. அரை டயாப்டர் இடைவெளியில் 10 முதல் 30 வரை வைத்தாலே 41 வகை ஆகிறது. பென்னாகரத்து ஆடு மேய்க்கும் கிழவியின் கண் 22.5 மில்லிமீட்டர், பக்கத்துவீட்டுக்காரியின் கண் 23.8 என்று யாராவது அளந்து எழுத வேண்டும். செலவு லென்ஸுக்கு மட்டும் இல்லை என்று எதிர்த்தவர்கள் சொன்னதன் அர்த்தம் இதுவும்தான்.

*

கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தார். ஸ்டான்லியில் மருத்துவம் படித்து ராணுவத்தில் சேர்ந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்க நினைத்திருந்தவர் அது முடியாது என்று கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களுக்குத் தக்கபடி கருவிகளைச் செய்துகொண்டு, தன் வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976இல் 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தாரோடு 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே வருடம்தான். மேனேஜ்மென்ட் புத்தகங்களுக்கு இவருடைய மெக்டொனால்ட்ஸ் உவமை ரொம்பப் பிடிக்கும். ஹாம்பர்கரை விற்க முடிகிறபோது பார்வையை ஏன் அப்படிக் கொண்டுபோக முடியாது என்று அவர் கேட்டாராம். அந்தக் கதையை ஸ்லைடில் போட்டுப் போட்டு தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியம் அவர் ஒன்றை மறுத்தது.

1980களில் அரவிந்தில் லென்ஸ் வைக்கத் தொடங்கியபோது அது பெரும்பாலும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. இலவசமாக வந்தவர்களுக்கு +10. வெளிநாட்டிலிருந்து வரும் லென்ஸின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையோடு வேலைசெய்த டேவிட் கிரீன், கம்பெனிகளிடம் நன்கொடையாக லென்ஸ்கள் வாங்கித் தந்துகொண்டிருந்தார். நன்கொடை என்றால் கிடைக்கிற பவர் கிடைக்கிற எண்ணிக்கையில்தான் வரும். 41 வகை அலமாரியை அப்படி நிரப்ப முடியாது. மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு வகைப் பார்வை நடந்துகொண்டிருந்தது என்பதை அவர்கள் சகித்துக்கொண்டு போயிருக்கலாம். நல்ல பேர் ஏற்கனவே இருந்தது, முகாம்கள் ஓடின, கணக்கும் ஏறியது. யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய கம்பெனிகள் விலையையும் குறைக்கவில்லை, தொழில்நுட்பத்தையும் தரவில்லை. கடைசியில் ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து தயாரிப்பு முறையை வாங்கி, 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. லென்ஸ் செய்வதில் மாயம் ஒன்றும் இல்லை, ஆனால் தப்பு செய்ய இடமே இல்லை. பிளாஸ்டிக் வட்டைக் கடைசல் இயந்திரத்தில் மைக்ரான் கணக்கில் சீவி, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழாக்க வேண்டும். அதைக் கண்ணுக்குள் நிறுத்த இரண்டு மெல்லிய வளைந்த கால்கள். பிறகு உருளைக்குள் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்ற வேண்டும். விளிம்பில் ஒரு சொரசொரப்பு இருந்தால் கண் அழலும். தூசி ஆகாது, கிருமி ஆகாது. ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தேற வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். விலை 10 டாலரை ஒட்டித் தொடங்கி, உற்பத்தி ஏற ஏற இன்னும் சில டாலர்களாக இறங்கியது. பிறகு சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் பெரிய ஆலை வந்தது. தையல் நூல், கத்தி, கண் மருந்து எல்லாம் சேர்ந்துகொண்டன. இப்போது நூறு நாடுகளுக்கு மேல் அங்கிருந்து போகிறது.

குறைந்த கூலி கொடுத்து மலிவாகச் செய்தார்கள், இதில் என்ன புதுமை என்று ஒரு நண்பன் கேட்டான். அவன் கேட்டதில் பாதி சரி. கூலி ஒரு காரணம்தான். ஆனால் ஒரு பொருளின் விலைக்கும் அதைச் செய்ய ஆகும் செலவுக்கும் நடுவே இருந்த இடைவெளி அம்பலமானது இங்கேதான். நூறு டாலர் என்பது இயற்கை விதி மாதிரி பேசப்பட்டு வந்தது. அதை வைத்துத்தான் ஏழைக்கு லென்ஸ் கட்டுப்படியாகாது என்று உலக அளவில் தீர்மானங்கள் எழுதினார்கள். கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் தீர்மானம் கவிழ்ந்தது.

*

விலை இறங்கியது மட்டும் போதாது. அரசுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நிரூபணம் வேண்டும். அதற்காகத்தான் அந்த 3,400 பேர். அதில் பாதிப் பேருக்கு, லென்ஸ் ஆலை அதே ஊரில் இருக்கும்போதே, சீட்டில் விழுந்தது என்பதற்காகக் கண்ணாடி கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பாதிப் பேர் இல்லாமல் மீதி இந்தியாவுக்கு லென்ஸ் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

ஆய்வின் மூன்றாம் பகுதியில்தான் நிஜமான வித்தியாசம் இருக்கிறது. அதற்கான கேள்வித்தாளையே மதுரையில் உருவாக்கினார்கள். பலகையில் எழுத்து தெரிகிறதா என்பதோடு நிற்காமல், பக்கவாட்டில் தெரிகிறதா, தூரம் பக்கம் பிடிபடுகிறதா, வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் கண் பழகுகிறதா, தானாகத் தன் வேலையைச் செய்துகொள்ள முடிகிறதா, வெளியே நடக்க முடிகிறதா, நாலுபேர் கூடும் இடத்துக்குப் போக முடிகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். பலகைக்கு முன்னால் ஏறத்தாழ சமமாக இருந்த இரண்டு குழுவும் இங்கே பிரிந்தன. லென்ஸ் வைத்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். ஆயா ரோட்டைக் கடக்கத் தலையை முழுசாகத் திருப்பியதை அளக்க ஒரு வழி கிடைத்தது.

காலமும் கூடிவந்தது. 1994இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் தொடங்கிய புரை ஒழிப்புத் திட்டம் டாக்டர்களுக்குப் பயிற்சியும் மைக்ரோஸ்கோப்பும் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் அறுப்பது குறைந்து, முகாமில் கண்டுபிடித்து பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது வழக்கமானது. 1990களின் தொடக்கத்தில் புரை அறுவைகளில் மிகச் சிறு பங்கே லென்ஸோடு நடந்தது. 2010 வாக்கில் பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

ஆயாவின் இடது கண்ணுக்கு 1998இல் அப்படித்தான் பஸ் வந்தது. மூன்று நாள் கழித்துத் திரும்பியவர் கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்தார். “உள்ளயே கண்ணாடி வெச்சுட்டாங்கடா. இனிமே ஆட்டுக்குட்டி முட்டுனாலும் ஒடையாது” என்றார். அரிசியில் கல் பொறுக்க மட்டும் எங்களைக் கூப்பிடுவார். இந்த லென்ஸ் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானாக மாறிக்கொள்ளாது. வலது கண் கடைசிவரை பழைய கணக்கிலேயே இருந்தது.

2003இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பார்வையிழப்பை அளக்கும்போது சிறந்த கண்ணாடியோடு அளப்பதை விட்டு, ஆள் வரும்போது எப்படி வருகிறாரோ அப்படியே அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கண்ணாடி இல்லாமல் வந்தால் இல்லாமல், உடைந்ததோடு வந்தால் உடைந்ததோடு. மருத்துவர்கள் அல்லாத யாரும் கவனிக்காத ஒரு வரி. அதுவரை கணக்கில் இல்லாத ஏராளமானவர்கள் அந்த வரியால் உள்ளே வந்தார்கள்.

*

இதே கேள்வி இன்னொரு உருவத்தில் இப்போதும் இருக்கிறது. சார்லஸ் கெல்மன் என்ற நியூயார்க் மருத்துவர், பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, காரை நீக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து ஒரு யோசனை கண்டார். 1967இல் அதுவே புரையை அதிர்வால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையானது. சின்ன வெட்டு, அதன் வழியே மடித்து நுழைக்கும் லென்ஸ். பணம் கட்டுகிறவர்களுக்கு இன்று பெரும்பாலும் இதுதான். இலவசமாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கையால் செய்யும், தையல் தேவைப்படாத சிறு வெட்டு முறை, மடியாத லென்ஸ். அரவிந்திலும் இப்படித்தான், அதை அவர்கள் மறைப்பதும் இல்லை.

மறுபடியும் ஏழைக்கு இது போதும் கதையா என்றுதான் முதலில் நினைத்தேன். 2007இல் வெளிவந்த நேபாள ஆய்வு ஒன்று கொஞ்சம் யோசிக்க வைத்தது. 108 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். கைமுறையை சந்துக் ருயித் செய்தார், ஃபேகோவை கலிபோர்னியாவின் டேவிட் சாங் செய்தார். இரண்டுபேரும் தத்தம் முறையில் கைதேர்ந்தவர்கள். கைமுறைக்குச் சராசரியாக 9 நிமிடம், ஃபேகோவுக்கு 15.5 நிமிடம். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியோடு அளந்தபோது 6/18 அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டிலும் 98 சதவீதம். இந்த வரியை நான் நம்பத் தயாராக இல்லை. மதுரை ஆய்வுக்குப் பிறகு ‘கண்ணாடியோடு’ என்ற சொல்லைப் பார்த்தாலே சந்தேகம்தான். ஆனால் அந்த ஆய்வு கண்ணாடி இல்லாமலும் அளந்திருக்கிறது. கைமுறையில் 89, ஃபேகோவில் 85.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் போன முறை ஒரு முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லென்ஸ் இலவசம், சாப்பாடு இலவசம், ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவரவும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டைக் கொண்டுவரவும் என்று போட்டிருந்தார்கள். அறுவை முடிந்தவர்கள் ஒரு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்கு மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அங்கே பலகையில் நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் ‘ஈ’ வடிவத்தைக் காட்டுவார்கள், படிக்கத் தெரியாதவர்கள் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டினால் போதும். முதலில் கண்ணாடி இல்லாமல்தான் கேட்பார்கள்.